இடப்பக்கம் கடித்த பிஸ்கட்

டிசம்பர் 2, திங்கள்

எழுதச் சொன்னது டாக்டர். ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, மனதில் ஓடுவதை ஒரு நோட்டில் எழுதுங்கள், படபடப்பு குறையும் என்றார். என் மனதில் ஓடுவதையெல்லாம் எழுதினால் நோட்டுக்குத்தான் படபடப்பு வரும். இருந்தாலும் மகள் சாருவின் பழைய இயற்பியல் நோட்டில் பாதிக்கு மேல் வெள்ளையாகக் கிடந்தது. வீணாக்குவானேன் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று ஓடியவை: கேஸை மூடினேனா? மேடவாக்கம் சிக்னல் வரை போய்த் திரும்பி வந்து பார்த்தேன். மூடித்தான் இருந்தது. தண்ணீர் லாரி வரவில்லை. சாருவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு, இந்த நேரத்தில் அவளுக்கு ஒரு இருமல். எனக்கு மார்ச் 31 வரைதான் வேலை. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

ஒன்பது வருடம் வீட்டில் இருந்துவிட்டுப் போன வருடம்தான் மறுபடி ஆராய்ச்சிக்குள் நுழைந்தேன். நாற்பத்துநாலு வயதில் ஒப்பந்த விஞ்ஞானி. இன்னொரு வாய்ப்பு வராது, அது எனக்கே தெரியும்.

டிசம்பர் 5, வியாழன்

என் வீட்டுக்காரர் அழகேசன் மின்வாரியத்தில் இருக்கிறார். நான் செய்யும் வேலை அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. "கடல்ல அலை எண்ணிக்கிட்டு இருக்கா" என்று எதிர்வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார். கோபம் வந்தது. யோசித்தால் அப்படியொன்றும் தப்பாகச் சொல்லவில்லை.

நான் எண்ணுவது கடலுக்குள் ஓடும் அலை. அண்டார்டிகா ஓரத்துக் கடலில் பனி உருகிய லேசான தண்ணீர் மேலே நிற்கும், உப்பு கூடிய கனத்த தண்ணீர் கீழே நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பனைமர உயரத்துக்கு அலை ஓடிக்கொண்டிருக்கும். மேலே கப்பலில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த உள்ளலை போகும்போது மேற்பரப்பில் ஒரு இடம் சொரசொரப்பாகும், அடுத்த இடம் வழவழப்பாகும். மேகமோ இருட்டோ ரேடார் செயற்கைக்கோளுக்குப் பொருட்டில்லை. படத்தில் வெள்ளைக் கோடு, கறுப்புக் கோடு, வெள்ளைக் கோடு என்று வரி வரியாக விழும். அந்த வரிகளைப் பார்த்துப் பார்த்துக் குறிப்பதுதான் வேலை. கீழே இருக்கும் சூடான தண்ணீரை இந்த அலைகள் மேலே கிளறிப் பனியை அடியிலிருந்து கரைக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

ஜனவரிக் கடைசியில் கப்பல் அங்கே போய்ச் சேரும். நீளக் கயிற்றில் வெப்பமானி, நீரோட்டமானி எல்லாம் கட்டி, அடியில் கனத்துக்குப் பழைய ரயில் சக்கரம் மூன்றைப் பூட்டிக் கடலில் இறக்குவார்கள். ஒரு வருடம் அது அங்கேயே நின்று அளக்கும். இருப்பது ஒரே கயிறு. எங்கே இறக்குவது என்று சொல்ல வேண்டியது நானும் ஜெசிந்தாவும். தப்பான இடத்தில் இறக்கினால் ஒரு வருடம் சும்மா கிடந்த தண்ணீரை அளந்துவிட்டு வரும், அதோடு திட்டமும் முடிந்தது.

ஜெசிந்தா தூத்துக்குடிப் பெண், ஆராய்ச்சி மாணவி, இருபத்தேழு வயது. காலையில் செயற்கைக்கோள் கடக்கும்போது எடுத்த படங்கள் அவளுக்கு. மாலையில் எடுத்தவை 214, எனக்கு. மாலைப் படங்கள் எல்லாம் தலைகீழாக வருகின்றன, தெற்கு மேலே வடக்கு கீழே. செயற்கைக்கோள் தெற்கிலிருந்து வடக்கே போகிறது, எடுத்த வரிசையிலேயே அடுக்கி அனுப்பிவிடுகிறார்கள். 214 படத்தையும் ஒரே கட்டளையில் சுற்றி நேராக்கிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஜெசிந்தாவின் காலைப் படங்களிலும் ஏதோ திருப்ப வேண்டியிருக்கிறது போல, கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் பத்துப் படத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

டிசம்பர் 11

எழுபது படம் முடிந்தது. மேற்குப் பக்கம் அலை அலையாகக் குவிந்து கிடக்கிறது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அதற்குப் பக்கத்திலேயே ஒரு பனிப்பாறை தரைதட்டி நிற்கிறது. சதுரமாக, இடப்பக்கம் ஒரு கடி கடித்த பிஸ்கட் போல. எல்லாப் படத்திலும் அசையாமல் அதே இடத்தில் நிற்கிறது. அங்கே கடல் ஆழம் குறைவு என்பதற்கு அதுவே சாட்சி. மேட்டில் நீரோட்டம் மோதினால்தானே உள்ளலை பிறக்கும். எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

சாருவின் இருமல் தேவலை. அரைத்த மாவு புளித்துவிட்டது.

ஜெசிந்தாவின் திரையில் இன்று ஒரு பிஸ்கட்டைப் பார்த்தேன். அதே சதுரம், ஆனால் கடி வலப்பக்கம், நிற்பது கிழக்கே. இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டும் ஒரே படத்தில் ஒருநாளும் வரவில்லையே என்றாள். காலையில் ஒருத்தன், மாலையில் ஒருத்தன், ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கிறார்கள் என்றேன். பனிப்பாறை எங்கள் வேலையே இல்லை, அதற்கு வேறு குழு இருக்கிறது.

பிறகு அவள் ஏதோ கேட்டாள், படங்களைத் திருப்பியது பற்றி. அந்த நேரம் பார்த்து லாரிக்காரர் போன் செய்தார். பேசிவிட்டு வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

டிசம்பர் 23, திங்கள்

கூட்டம். வேதமூர்த்தி சார்தான் எங்கள் குழுத் தலைவர். நல்ல மனிதர், நல்ல மனிதர் என்ற பெயரைக் காப்பாற்றிக்கொள்வதிலும் கெட்டிக்காரர். இருவர் குறித்தவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டார். என் அலைகள் எல்லாம் மேற்கே. அவள் அலைகள் எல்லாம் கிழக்கே. நடுவில் எண்பது கிலோமீட்டர்.

முதலில் நான்தான் பேசினேன். காற்றும் கடல்மேல் இதே மாதிரி வரிகளைப் போடும், புதிதாகப் பார்ப்பவர்கள் அதை உள்ளலை என்று ஏமாறுவது சகஜம் என்றேன். பொய் இல்லை, புத்தகத்திலேயே இருக்கிறது. சார் தலையாட்டினார். ஜெசிந்தா தன் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கடைசியில், "அக்கா பாத்தா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மேற்கு என்று முடிவானது. இறக்கும் இடத்தைக் குறித்த தாளில் என் கையெழுத்து. அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் எழுத்தில் சொன்னால் ஒழிய, கப்பலில் போன பிறகு யாரும் இடத்தை மாற்றக் கூடாது. முன்பொரு பயணத்தில் ஆளுக்கொரு மின்னஞ்சல் அனுப்பிக் குட்டையைக் குழப்பியதால் வந்த விதி.

சார் வெளியே வந்து, இந்த மாதிரி அனுபவம்தான் நமக்குத் தேவை, மார்ச்சில் உங்கள் ஃபைலை மேலே அனுப்புகிறேன் என்றார். வரும் வழியில் சாருவுக்குப் பிடித்த பால்கோவா வாங்கினேன்.

டிசம்பர் 28

ஜெசிந்தா கேப் டவுனுக்கு விமானம் ஏறிவிட்டாள், அங்கிருந்து கப்பல். விமான நிலையத்திலிருந்து போன் செய்தாள். குளிருக்குக் கையுறை எடுத்துக்கொண்டாயா என்றேன். எடுத்திருக்கிறாளாம். பிறகு தயங்கித் தயங்கி, மாலைப் படங்களை எந்தக் கட்டளையில் திருப்பினேன் என்று கேட்டாள். நான் படம் திருப்ப ஆரம்பித்தபோது நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது.

ஜனவரி 14

பொங்கல். பால் சரியாகப் பொங்கியது. அழகேசன் அக்கா வீட்டில் எல்லோரும். பேச ஒன்றுமில்லை.

ஜனவரி 30, வியாழன்

கப்பலிலிருந்து ஜெசிந்தாவின் கடிதம். அங்கே மின்னஞ்சல் காலை எட்டு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும்தான், மணி ஆனதும் நம்முடையவை இறங்கும், கொஞ்சம் கழித்து அவர்களுடையவை ஏறுமாம். நல்லவேளை அவர்கள் இருக்கும் தீர்க்கரேகை நமக்கு நேர் கீழே, கடிகாரம் ஏறக்குறைய ஒன்றுதான். முதல் பத்து நாள் வாந்தி, கடற்கரையில் பிறந்தவளுக்கு இந்தக் கதியா என்று சமையல்காரர் கேலி செய்கிறாராம். கயிறு இறக்கும் நாள் பிப்ரவரி 8, காலை பத்து மணி.

கடைசியில் இரண்டு வரி. உங்கள் பிஸ்கட்டைத் தூரத்திலிருந்து நேரில் பார்த்தோம், கிழக்கே நிற்கிறது, கடி வலப்பக்கம். மேற்கே கப்பல் ரேடாரில் எதுவும் தெரியவில்லை, உங்களுடையது எங்கே போயிற்று?

உடைந்திருக்கும். பனிப்பாறை என்றால் உடையத்தானே செய்யும். அப்படித்தான் பதில் எழுதினேன்.

ஜனவரி 31

கடைசியாக நான் குறித்த படம் எந்தத் தேதி என்று பார்த்தேன். டிசம்பர் 3. அதில் பிஸ்கட் முழுசாக நிற்கிறது. இரண்டு மாதத்தில் உடைய முடியாதா என்ன, முடியும். நிறைய உதாரணம் இருக்கிறது. இரண்டு தடவை கேஸைப் பார்த்தேன்.

பிப்ரவரி 3, திங்கள்

காலையில் தோசை கருகிவிட்டது. சாரு தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், நான் கல்லையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஓரம் கிழிந்த தோசை. அதைப் புரட்டினேன். பிறகு தட்டில் போட்டுத் தட்டைச் சுற்றினேன். மறுபடி சுற்றினேன். "அம்மா, எனக்கு ஸ்கூலுக்கு லேட் ஆகுது" என்றாள். அழகேசன் வந்து அடுப்பை அணைத்தார்.

அலுவலகத்தில் மாலைப் படங்களின் கோப்புறையைத் திறக்கவில்லை. வேறு வேலை இருந்தது.

பிப்ரவரி 4

லீவு. தலைவலி. அலமாரியில் பழைய துணிகளை ஒழித்தேன்.

பிப்ரவரி 5, புதன்

இனிமேல் சுற்றி வளைத்து எழுதிப் பயனில்லை.

தோசையைப் புரட்டினால் மேல் ஓரம் கீழே வரும், வலப்பக்கக் கிழிசல் வலப்பக்கமே இருக்கும். தட்டைச் சுற்றினாலும் மேல் ஓரம் கீழே வரும், ஆனால் கிழிசல் இடப்பக்கம் போய்விடும். மாலைப் படங்கள் தண்ணீரில் விழுந்த நிழல் மாதிரி மேல்கீழாக மட்டும் மாறி வந்தவை. அவற்றைப் புரட்டியிருக்க வேண்டும். நான் சுற்றினேன். வடக்கு மேலே வந்துவிட்டது, நான் நிம்மதியாகிவிட்டேன். கிழக்கு மேற்காகியதை நான் பார்க்கவில்லை. ஒரு கரையோ தீவோ இருந்திருந்தால் அப்போதே பல்லிளித்திருக்கும். முழுக்கக் கடலும் பனியும், எதை வைத்துத் தெரியும்?

எதை வைத்துத் தெரியும் என்று எழுதிவிட்டேன். பிஸ்கட்டை வைத்துத் தெரிந்திருக்கும். இரட்டைப் பிள்ளைகள் என்று சிரித்தவள் நான்.

ஒரு படத்தைச் சரியாகப் புரட்டிப் பார்த்தேன். பாறை கிழக்கே போய் நின்றது, கடி வலப்பக்கம். ஜெசிந்தாவின் படத்தை அதன்மேல் வைத்தேன். ஒரு நூல் விலகவில்லை. 214 படமும் அப்படித்தான். மேற்கே அலையே கிடையாது. அவள் குறித்தது அத்தனையும் சரி.

கழிவறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

இன்று புதன். கயிறு இறங்குவது சனி.

பிப்ரவரி 6, வியாழன்

இரவெல்லாம் தூங்கவில்லை என்று அழகேசன் சொல்கிறார். அவருக்கு எப்படித் தெரியும் என்றால், அவரும் தூங்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். தோசைத் தட்டை வைத்து விளக்கினேன், முதல் தடவையாக என் வேலை அவருக்குப் புரிந்தது. "சரி, எழுதிப் போட்டுற வேண்டியதுதானே" என்றார், மின்கம்பம் மாற்றச் சொல்கிற மாதிரி. அவருக்கென்ன, நிரந்தர வேலை.

பதினொரு மணிக்கு வேதமூர்த்தி சாரிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். முழுசாகக் கேட்டார், கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இடத்தை மாத்தணும்னு எழுதுங்க. ஆனா தப்புங்கற வார்த்தை வேணாம் தமயந்தி. மறு ஆய்வுன்னு போடுங்க. மார்ச்சுல உங்க ஃபைல் போற இடத்துல இதெல்லாம் தோண்டிப் பாப்பாங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மாலைக்குள் எழுதி அனுப்பிவிட்டேன்: மறு ஆய்வின்படி கிழக்கு இடமும் பரிசீலனைக்கு உரியது. எழுத நாலு மணி நேரம் பிடித்தது. ‘உம்’ போட்ட இடத்தில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

காலை எட்டு மணிக்கு என் கடிதம் அங்கே இறங்கியிருக்கும். மதியம் இரண்டேகாலுக்குப் பயணத் தலைவரின் பதில் வந்தது. பரிசீலித்தோம். கிழக்கே போக ஆறு மணி நேரம் பிடிக்கும், பனி நெருங்குகிறது. தேவை என்று உறுதியாக இல்லாத ஒன்றுக்கு அந்த நேரத்தைத் தர இயலாது. கையெழுத்திட்ட இடத்திலேயே நாளை இறக்குகிறோம்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் ‘உம்’ போட்டேன், அவர் அதைச் சரியாகப் படித்துவிட்டார்.

ஜெசிந்தாவிடமிருந்து ஒன்றும் இல்லை.

செயற்கைக்கோள் தொலைபேசியில் கப்பலைப் பிடிக்கப் பார்த்தேன். நாலு தடவை. மணி போகிறது, எடுப்பதற்குள் அறுந்துவிடுகிறது. சாரு என்னம்மா ஆச்சு என்று கேட்டாள். நீ போய்ப் படி என்று கத்திவிட்டேன். பாவம், அவள் என்ன செய்தாள்.

பிப்ரவரி 8, சனி

காலை 6.10. உட்கார்ந்துவிட்டேன். எட்டு மணிக்கு முன் அனுப்பினால் பத்து மணிக்கு முன் படிப்பார்கள். அதை விட்டால் மதியம் இரண்டு மணிக்குத்தான். அதற்குள் ரயில் சக்கரம் மூன்றும் கடலடியில் கிடக்கும்.

6.55. மூன்று தடவை எழுதி அழித்தேன். ‘ஒரு சிறு பிழை’ என்று ஆரம்பித்தது ஒன்று. சிறு பிழையாம்.

7.40. எழுதி முடித்தேன். இதுதான்: மாலைப் படங்கள் 214ஐயும் நான் தவறாகத் திருப்பினேன். கிழக்கில் இருந்தவற்றை மேற்கில் குறித்தேன். மேற்கே உள்ளலை இல்லை. ஜெசிந்தா கொடுத்த இடமே சரி. தவறு முழுக்க என்னுடையது. மேற்கே இறக்க வேண்டாம்.

8.04. அனுப்பிவிட்டேன்.

8.30. காலைத் தவணை போய்விட்டது. தொலைபேசி எடுக்கவில்லை.

9.15. எடுக்கவில்லை.

10.00. இந்நேரம் பளுதூக்கியில் கயிற்றை மாட்டியிருப்பார்கள். முதலில் மிதவை, அப்புறம் கருவிகள் ஒவ்வொன்றாக, கடைசியில் சக்கரம். சக்கரத்தை விட்டுவிட்டால் அவ்வளவுதான், திரும்ப இறக்க வேறு கயிறும் இல்லை, வேறு பயணமும் இல்லை.

11.30. அழகேசன் காபி கொண்டுவந்து வைத்தார். ஆறிவிட்டது. இன்னொன்று போட்டுக் கொண்டுவந்தார். அதுவும் ஆறிவிட்டது. மூன்றாவதை அவரே குடித்தார்.

1.20. எழுதுவது படபடப்பைக் குறைக்கும் என்று சொன்ன டாக்டரைப் பார்க்க வேண்டும்.

2.40. பதில் வந்தது. பயணத் தலைவர்: உங்கள் கடிதம் இரண்டு மணிக்குக் கிடைத்தது. கயிறு இன்னும் தளத்தில்தான் இருக்கிறது. காலையில் ஒரு தாமதம். இனி இதில் சந்தேகத்துக்கு இடமில்லை என்பதால் கிழக்கே திரும்புகிறோம். உடனே எழுதியதற்கு நன்றி.

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். சாரு ஓடிவந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிப்ரவரி 9, ஞாயிறு

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஜெசிந்தா கப்பலிலிருந்து பேசினாள். கரகரவென்று இரைச்சல், ஒன்று பேசினால் இரண்டு விநாடி கழித்துத்தான் அந்தப் பக்கம் போய்ச் சேருகிறது. காலை ஒன்பதரைக்குக் கயிறு கிழக்கே இறங்கிவிட்டதாம். மேலிருந்து ஒலி அனுப்பிக் கேட்டதற்குக் கீழிருந்து கருவி பதில் சொல்லிவிட்டதாம். நேராக நிற்கிறது.

நேற்று என்ன தாமதம் என்று கேட்டேன்.

"கயித்துல மாட்டுத கொக்கி, கொளுவி எல்லாத்தையும் மறுபடி பிரிச்சுப் பாக்கணும்னு சொல்லிட்டேன்க்கா. ஒவ்வொண்ணா கழட்டி, கிரீஸ் போட்டு, மாட்டி... நாலு மணி நேரம் இழுத்தடிச்சேன். எல்லாரும் ஏச்சுன்னா ஏச்சு, அப்படி ஒரு ஏச்சு."

"எதுக்கு?"

"நீங்க எழுதுவியன்னு தெரியும்."

நீ முன்பே கேட்டிருந்தாய் அல்லவா, நான்தான் காதில் வாங்கவில்லை என்றேன். "ஆமாக்கா, கேட்டேன்லா. ரெண்டு தடவ" என்றாள், குற்றம் சாட்டுகிற குரலில் இல்லை, கணக்குச் சொல்கிற குரலில். தானே பயணத் தலைவரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாளாம். கையெழுத்து உன்னுடையது இல்லையே என்றாராம்.

பிறகு அவளே சொன்னாள், "உங்க மெயில் எட்டு மணிக்கே வந்திருந்தா இம்புட்டுப் பாடு இல்ல. இந்தக் கப்பல் நெட்டு இருக்கே, அது ஒரு சனியன்க்கா."

ஆமாம் என்றேன். இணைப்பு அறுந்துவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

காலையில் வேதமூர்த்தி சார் கூப்பிட்டார். நான் அனுப்பிய கடிதத்தின் நகல் மேலிடத்துக்கும் போயிருக்கிறது, அப்படித்தான் நடைமுறை. மார்ச் ஃபைல் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை. டிசம்பர் கூட்டத்தின் குறிப்பைத் திருத்த வேண்டும், காற்று வரிகள் என்று தள்ளியதை எடுத்துவிட்டு, ஜெசிந்தா குறித்தவை சரி என்று போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

நேற்று மாலை எடுத்த படம் மதியம் வந்தது. வழக்கம்போலத் தலைகீழ். புரட்டினேன். சாருவின் அழிப்பானின் ஒரு மூலையில் பேனாவால் புள்ளி வைத்து, அதையும் கையில் புரட்டிப் பார்த்து, சரிதான் என்று உறுதி செய்துகொண்டேன். கிழக்கே பிஸ்கட், கடி வலப்பக்கம். அதைத் தாண்டி வெள்ளையும் கறுப்புமாக ஒன்பது வரி, கயிறு இறங்கிய இடத்தின்மேல் நேராகப் போய்க்கொண்டிருந்தது. பாறைக்கு வடக்கே அரிசிமணி அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. இரும்பு ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும். அதுதான் கப்பல். அதற்குள் ஜெசிந்தா இருக்கிறாள், ஏச்சு வாங்கிய களைப்பில் தூங்கியிருப்பாள்.

அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதுவீர்கள் என்று தெரியும் என்கிறாள். இந்த நோட்டைப் புரட்டிச் சனிக்கிழமைப் பக்கத்தைப் பார்த்தேன். 7.40 என்று ஒரு வரி, 8.04 என்று ஒரு வரி. நடுவில் என்ன செய்தேன் என்று நோட்டில்கூட எழுதவில்லை.

இப்போது எழுதுகிறேன். கடிதம் தயாராக இருந்தது, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். மார்ச் 31ஐ நினைத்தேன். எழுந்து சமையலறைக்குப் போய் மிக்ஸி ஜாரைக் கழுவினேன். ஏற்கெனவே கழுவி வைத்த ஜார். துடைத்தேன், மறுபடி கழுவினேன். எட்டு மணி தாண்டட்டும், தாண்டிவிட்டால் அனுப்பியும் அனுப்பாத மாதிரி ஆகிவிடும் என்று எனக்குள் ஒருத்தி காத்துக்கொண்டிருந்தாள். கடிகாரத்தில் எட்டு ஆன பிறகுதான் வந்து அழுத்தினேன். ஜெசிந்தா அங்கே விரல் விறைக்கக் கொக்கிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தது இதற்காகத்தான்.

இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. பழி கப்பல் நெட்டின்மேல் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஜெசிந்தாவுக்கு எழுதினேன்: கப்பல் நெட்டின்மேல் தப்பில்லை. 7.40க்கு எழுதி முடித்தேன், 8.04க்கு அனுப்பினேன். நடுவில் எட்டு மணி தாண்டட்டும் என்று ஜார் கழுவிக்கொண்டிருந்தேன். நீ நினைத்த அக்கா கடைசியில்தான் வந்தாள்.

மணி 1.35. இரண்டு மணித் தவணைக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. உடனே அனுப்பிவிட்டேன்.